பெட்டி வந்து சேர ஆறு நாள் ஆனது யார் குற்றம்?

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 38. சிங்கப்பூர் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். வொர்க் பெர்மிட்டில் இருந்தவர், ஊர் மன்னார்குடி பக்கம். அவர் மனைவிக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். "நாளைக்கே அனுப்பிவிடுவோம் அண்ணி" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். ஆனால் பெட்டி திருச்சியில் இறங்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது. போலீஸ், பிரேதப் பரிசோதனை, தூதரகம் என்று போனது. செவ்வாய்க்கிழமை, பெட்டியைப் பெறுபவர் பெயர் அவருடைய அண்ணன் என்றார்கள். புதன் காலையில் மைத்துனர் பெயர் என்றார்கள், மாலையில் மறுபடியும் அண்ணன் என்றார்கள். இப்போது ஊரில், "கம்பெனியோடு சேர்ந்துகொண்டு இவன்தான் இழுத்தடித்தான்" என்று என்னைப் பேசுகிறார்கள். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று யாரோ சொன்னதால் அவருடைய அம்மா மூடிய பலகையைத் தடவி அழுதாராம். நான் எங்கே தப்புச் செய்தேன்? நாளைக்கு எனக்கே இப்படி ஆனால் என் வீட்டார் என்ன செய்யவேண்டும்? அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறேன். அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்திரண்டு வருடமாக இங்கே இந்தியர்களுக்கு இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருக்கிறேன். ஊருக்கு அனுப்பிய பெட்டிகள் எத்தனை என்று எண்ணுவதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆறு நாள் ஆனதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நீங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், "நாளைக்கே" என்று சொன்னது. ஊர்க்கோபம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தகவல் போன ஒரு மணி நேரத்தில் வாசலில் சாமியானா ஏறிவிடும், வாடகை நாற்காலி வந்து இறங்கும். வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், பங்காளி வீட்டுச் சோறுதான். திருப்பூரில் வேலை பார்க்கிற தம்பி மகன் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறுவான். "நாளைக்கு" என்று நீங்கள் சொன்னதை நம்பி இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமையே நடந்திருக்கும். அப்புறம் ஆறு நாள் உடலில்லாத பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சிங்கப்பூரில் இருக்கிற அதிகாரியை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பேர் உங்கள் பேர்தான்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாயிடம், "வியாழக்கிழமை காலை உங்கள் பிள்ளை வீட்டு வாசலில் இருப்பான்" என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவுதான் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா போனில் என்னைத் திட்டவில்லை. "வியாழக்கிழமைன்னு சொன்னீங்களேப்பா" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் யாருக்கும் கிழமை சொல்வதில்லை. "இன்று அடையாளம் காட்டியாகிவிட்டது. நாளை தூதரக வேலை. விமானத்தில் இடம் உறுதியானதும் நானே கூப்பிடுகிறேன், அதுவரை பந்தல் போடவேண்டாம்" என்று வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைத்தான் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்காது. ஆனால் ஏமாற்றமாகவும் இருக்காது.

சரி, அந்த ஆறு நாள் எங்கே போயிற்று என்று பார்ப்போம். ஊரில் யாராவது கேட்டால் நீங்கள் வரிசையாகச் சொல்லவாவது உதவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தது சரி. அதன் பிறகு போலீஸ் வந்தது எல்லாருக்கும் பயமாக இருந்திருக்கும். ஆனால் அது சந்தேகத்தால் வருவது இல்லை. மருத்துவமனையில், சிகிச்சை கொடுத்துவந்த மருத்துவரின் கண்முன் இறந்தால் அவரே காரணத்தைச் சான்றளித்துவிடுவார். தூக்கத்தில், தங்குவிடுதிக் கட்டிலில் போன உயிருக்கு அப்படிக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. இந்த மாதிரி திடீர் மரணங்களை மரண விசாரணை அதிகாரியிடம் அறிவிக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் உடல் ஊட்ரமில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கிற பிணவறைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை அடையாளம் காட்டுவது. உறவினர் இங்கே இல்லாததால் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த அறைக்குள் போய்வந்ததைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பதை மரண விசாரணை அதிகாரிதான் முடிவு செய்வார். கம்பெனிக்கோ உங்களுக்கோ அதில் பேச்சே கிடையாது. குடும்பத்துக்கு மறுப்பு இருந்தால் உடனே போலீஸ் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்கலாம், அதைக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டபடியே நடக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. ஊரில் ஒரு பேச்சு உண்டு, "கேஸ் முடிகிறவரை பாடியைத் தரமாட்டார்கள்" என்று. அது தவறு. விசாரணை பல மாதம் நீண்டாலும் பரிசோதனை முடிந்ததும் உடலை விட்டுவிடுவார்கள்.

இறப்புச் சான்றிதழுக்காக இப்போது வரிசையில் நிற்கிற வேலை இல்லை. 2022 மே 29 முதல் இங்கே அது மின்னிலக்கச் சான்றிதழ். 'மை லெகசி' இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். பதிவிறக்கியதும் முதல் வேலையாக அவர் மனைவியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு பிரதி போகவேண்டும். வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, எல்ஐசி என்று ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஏற்பாட்டாளர் கையில் ஒன்று, கம்பெனி ஃபைலில் ஒன்று என்று இருந்துவிட்டு, கடைசியில் மனைவியிடம் மட்டும் இல்லாமல் போன கதைகள் நிறைய. உங்கள் அண்ணிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வேலை. உடலைப் பதப்படுத்தவேண்டும், எம்பாமிங் என்பார்கள். அதற்கு ஒரு சான்று. உள்ளே தகரம் அடித்து, காற்றுப் புகாமல் பற்றவைத்து மூடுகிற பெட்டி. அதற்கும் சான்று. கிரேஞ்ச் சாலையில் இருக்கிற இந்தியத் தூதரகத்தில் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலைக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தருவார்கள். பெட்டியை நாட்டைவிட்டு வெளியே அனுப்பத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி வேண்டும். போய் இறங்கும் இடத்தில் விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி வேண்டும். 2023 ஆகஸ்டில் இந்திய அரசு இதற்கென்று 'இ-கேர்' என்று ஓர் இணையவாசலைத் திறந்தது. இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகக் கடிதம், ரத்தான பாஸ்போர்ட்டின் பிரதி, இந்த நாலையும் அதில் ஏற்றவேண்டும். பழைய நாள்களில் அதிகாரியைத் தேடிப் போன் மேல் போன் போட்ட எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

இதெல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று வருகிற சங்கிலி. தடங்கல் இல்லாமல் நடந்தால் உங்கள் அண்ணன் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்திருப்பார். எல்லா விமானமும் பெட்டியை ஏற்றாது, ஏற்றுகிற விமானத்தில் அன்றைக்கு இடம் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிச்சம் இரண்டு நாள் எங்கே தொலைந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பெறுபவர் பெயர் இரண்டு தடவை மாறியது பாருங்கள், அங்கேதான்.

பெட்டி சரக்காகத்தான் பறக்கிறது. சொல்லவே கஷ்டமான வார்த்தை, ஆனால் அதுதான் உண்மை. அதற்கு ஒரு சரக்குச் சீட்டு உண்டு, அதில் பெறுபவர் பெயர் அச்சாகும். அந்தப் பெயருக்குரியவர்தான் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். அதுவும் பயணிகள் வெளியே வருகிற வாசலில் இல்லை, சரக்குப் பிரிவில். திருச்சியில் மாலையோடு வருகை வாசலில் இரவெல்லாம் காத்திருந்துவிட்டு, விடிந்த பிறகு சரக்குப் பிரிவைத் தேடி ஓடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். பெயரை மாற்றினால் காகிதத்தை மாற்றவேண்டும். காகிதத்தை மாற்றினால் பிடித்துவைத்த விமானம் போய்விடும்.

பெயர் ஏன் மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். உடலை எந்த வீட்டு வாசலில் இறக்குவது என்று தகராறு வந்திருக்கும். அவர் மனைவி பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டில் இருந்திருப்பார். பங்காளிகள், "எங்கள் பிள்ளை எங்கள் கொல்லையில்தான் வேகவேண்டும்" என்றிருப்பார்கள். பத்தில் நாலு குடும்பத்தில் இதைப் பார்க்கிறேன். அதிகாரிகளைச் சமாளித்துவிடலாம், இதைச் சமாளிப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம்.

இதில் என் முறை ஒன்றுதான். மனைவியைக் கேட்பேன். நேரடியாக, அவரிடமே. "அவங்க அழுதுட்டிருக்காங்க, என்கிட்டச் சொல்லுங்க" என்று எடுத்ததும் ஓர் ஆண்குரல் போனை வாங்கிக்கொள்ளும். நான் விடமாட்டேன். "அவர் அழட்டும், நான் காத்திருக்கிறேன், இரண்டு நிமிடம் போதும்" என்பேன். "அம்மா, யார் வந்து வாங்கவேண்டும், எந்த வீட்டுக்குப் போகவேண்டும், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்பேன். இதுவரை எந்தப் பெண்ணும் எனக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அழுதுகொண்டேதான் சொல்வார்கள், ஆனால் தெளிவாகச் சொல்வார்கள். அதையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பச் சொல்வேன். அதன் பிறகு வருகிற எல்லாப் போனுக்கும், "அவர் மனைவி சொன்னபடி செய்கிறோம்" என்று ஒரே பதில். முதல் நாளே இதைச் செய்துவிட்டால் இரண்டு நாள் மிச்சம். இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. இதைக் கேட்கவேண்டியது ஏற்பாட்டாளர். அவர் கேட்கவில்லை.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அதுதான்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது எல்லா உடலுக்கும் பொருந்துகிற விதி இல்லை. தொற்றுநோயால் இறந்தவர் என்றால் திறக்கவே கூடாது, அதில் மாற்றுப் பேச்சு கிடையாது. இறந்து பல நாள் கழித்துக் கண்டெடுத்த உடல் என்றால் திறக்காதீர்கள் என்று நானே கைகூப்பிக் கேட்பேன். மாரடைப்பில் இறந்து, அன்றைக்கே கண்டு, ஒழுங்காகப் பதப்படுத்திய உடலை வீட்டில் திறந்து முகம் பார்ப்பது நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். யார் கூடாது என்று சொன்னாரோ தெரியவில்லை. பெரும்பாலும் பயத்தில் சொல்வார்கள். தகரத்தை எப்படித் திறப்பது என்று தெரியாமலும் சொல்வார்கள்.

அதனால் நான் அனுப்புகிற பெட்டிக்கு முன்னாலேயே பெறுபவரைக் கூப்பிட்டுச் சில விஷயம் சொல்லிவிடுவேன். பெட்டி கனமாக இருக்கும், உடலோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல். ஆறு பேர் வேண்டும். மரப்பலகைக்கு ஸ்குரூடிரைவர், உள்தகரத்துக்குத் தகரம் வெட்டுகிற கத்தரி, கைக்கு உறை, இவை தயாராக இருக்கட்டும். ஊர் வெல்டரையோ டிங்கரையோ முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் இன்னும் நல்லது. அரிவாளால் நெம்பி, கை கிழிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. காற்றோட்டமான வாசலில் திறங்கள், மூடிய அறைக்குள் வேண்டாம். மருந்து நெடி கண்ணை எரிக்கும். திறந்ததும் ஒரு கால் மணி நேரம் யாரும் குனியாமல் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளைப் பிறகு கூப்பிடுங்கள்.

முகம் கொஞ்சம் கறுத்து, உதடு இறுகி இருக்கலாம். அம்மாவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தால் அதை அவிழ்க்கவேண்டாம். பிரேதப் பரிசோதனைத் தையல் அதற்குள் இருக்கும். இன்னொன்று, குளிப்பாட்டக் கூடாது. நம்மவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். ஆனால் தையல் போட்ட உடலில் குடம் குடமாக நீர் ஊற்றினால் கசியும், அப்புறம் பார்ப்பவர்கள் மனதில் அந்தக் காட்சிதான் தங்கும். நாங்கள் இங்கேயே குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்துத்தான் அனுப்புகிறோம். வீட்டில் நீர்மாலை எடுத்துவந்து காலில் நாலு துளி தெளித்தால் போதும் என்று பல ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பாடையில் வைக்கும்போது உடலைப் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் வைக்கவேண்டும். தகரத்தோடு சிதையில் ஏற்றக் கூடாது, மின்மயானத்தில் அனுமதிக்கவும் மாட்டார்கள். காரியத்துக்கு நாள் எண்ணுவது இறந்த நாளிலிருந்தா எரித்த நாளிலிருந்தா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு நான் ஆளில்லை, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், உங்கள் புரோகிதரைக் கேளுங்கள்.

இங்கே நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன் எங்கள் கூடத்தில் ஒரு மணி நேரம் உடலை வைக்கமுடியும். அறை நண்பர்கள் வந்து வாய்க்கரிசி போட்டு, ஒரு மாலை சாத்தலாம். ஊரிலிருந்து மனைவியும் அம்மாவும் வீடியோ காலில் முகம் பார்க்கலாம், பேசலாம். நல்ல வெளிச்சம், இரண்டு நாள்தான் ஆகியிருக்கும், முகம் தூங்குவது போல இருக்கும். ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நீங்கள், உங்களுக்கும் அது தேவைதான். அடுத்த முறை யாருக்காவது நடந்தால், நடக்கவேண்டாம், நடந்தால், ஏற்பாட்டாளரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். சிலர் நேரமில்லை என்பார்கள். ஒரு மணி நேரத்தில் எந்த விமானமும் போய்விடாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் இறந்தால், இங்கேயே அடக்கமோ தகனமோ செய்வது அல்லது ஊருக்கு அனுப்புவது, இரண்டில் எதுவானாலும் செலவு முதலாளியுடையது. மனிதவள அமைச்சின் விதி அது. சம்பள பாக்கியும் அவருடைய உடைமைகளும் குடும்பத்துக்குப் போய்ச்சேரவேண்டும். உங்கள் அண்ணனின் கம்பெனி பணம் கட்டியதை ஊரில் தர்மம் என்று பேசிக்கொண்டால் திருத்துங்கள், அது கடமை. தூக்கத்தில் வந்த மாரடைப்புக்கு வேலையிட விபத்து இழப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை. வேலை செய்யும்போது நேர்ந்த விபத்து என்றால் கணக்கே வேறு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கிற விபத்துகளில் இறந்தவரின் குடும்பத்துக்குக் குறைந்தது 91,000 சிங்கப்பூர் வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி. ஓர் ஆண்டுக்குள் கோரவேண்டும். சந்தேகம் இருந்தால் அமைச்சையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ கேட்கலாம். தங்குவிடுதியில் நண்பர்கள் சேர்த்த பணம் இருந்தால் அது மனைவியின் சொந்தக் கணக்குக்கு நேராகப் போகட்டும். மைத்துனர் கணக்கு, அண்ணன் கணக்கு வழியாகப் போகவேண்டாம். இதற்கு மேல் விளக்கமாக எழுதினால் எனக்குத்தான் வம்பு.

முதலாளி கைவிரித்துவிட்டார், அல்லது இறந்தவர் வேலை அனுமதி இல்லாமல் இருந்தவர் என்றால் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று உண்டு. 2009இல் தொடங்கியது. வழியில்லாதவர்களின் உடலை அனுப்ப அதிலிருந்து உதவுவார்கள். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் துறையிடமும் குடும்பம் விண்ணப்பிக்கலாம்.

எல்லாரும் உடலை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இங்கேயே மண்டாய் தகனச்சாலையில் தகனம் செய்து அஸ்தியை அனுப்புகிற குடும்பங்களும் உண்டு. உடலின் நிலை சரியில்லாதபோது நானே அதைச் சொல்வேன். அஸ்தியைக் கைப்பையில் கொண்டுபோகிறவர்கள் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிட்டு, இறப்புச் சான்றும் தகனச் சான்றும் கையில் வைத்திருக்கவேண்டும். கலசம் மரத்திலோ மண்ணிலோ இருக்கட்டும். பித்தளைச் செம்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்கேனில் உள்ளே இருப்பது தெரியாது, சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

உங்களுக்கே நடந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. முதலில் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மனைவி பெயர் இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. அப்புறம், உங்கள் மனைவிதான் உங்கள் மனைவி என்று நிரூபிக்க, அழுதுகொண்டிருக்கிற வீட்டில் கல்யாணப் பத்திரிகையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது சேர்த்துவிடுங்கள். அவர் ஆதாரில் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்தில் இருக்கட்டும். முன்னெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலே ஒரு நாள் போய்விடும்.

பிறகு ஒரு துண்டுக் காகிதம். எனக்கு ஏதாவது ஆனால் முடிவெடுப்பது என் மனைவி, விமான நிலையத்துக்கு வந்து வாங்குவது இன்னார், வீடு இது, உடலை அனுப்பவேண்டும் அல்லது அஸ்தி போதும் என்று எழுதி, இரண்டு போன் எண்ணோடு பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். அதைப் படம் எடுத்து மனைவிக்கும் அனுப்பிவையுங்கள். போனில் சொன்னால், "என்ன பேச்சு இது, வாயைக் கழுவுங்க" என்றுதான் முதலில் திட்டு விழும். விழட்டும்.

கடைசியாக, அந்த அம்மாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். தனியாகப் போகாதீர்கள், அறை நண்பர்களில் யாராவது அந்தப் பக்கத்து ஊர்க்காரர் லீவில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். "நாளைக்கே என்று சொன்னது என் தப்பு அண்ணே" என்று அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதற்கு நான் மேலே எழுதிய கிழமைக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. பெறுபவர் பெயர் மாறிய கதையை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். அது அந்த வீட்டுக்குள் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கும்.

அம்மாவிடம் உட்காரும்போது இதையெல்லாம் பேசவேண்டாம். மகனைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள், அவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை இரவு என்ன சமைத்தீர்கள், அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குப் படுத்தார், படுக்கும்முன் யாரோடு போனில் பேசினார் என்று அந்த அம்மா கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மகனின் போனில் இருக்கிற படங்கள் போலீஸிடமிருந்தோ கம்பெனியிடமிருந்தோ வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் போனில் இருக்கிற படங்களில் சிரித்த முகமாக ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். லிட்டில் இந்தியாவிலேயே போட்டுத் தருவார்கள்.